பனி தேசத்து ஜனங்களை எப்படி உருவாக்கறது: எலும்பா, ரத்தமா, கையா, மிருகமா?

ஃபேன்டஸி எழுத உட்கார்றவங்க மேப் போடறப்ப மேல ஒரு ஓரத்துல பனி தேசம் ஒண்ணு கண்டிப்பா வந்துடும், அதுல ஒரு ஜனக்கூட்டமும் வந்துடும், வெள்ளைத் தோலு, நீலக் கண்ணு, ஆறரை அடி உயரம், தோள்ல கரடித்தோலு. ஏன் இப்படி இருக்காங்கன்னு கேட்டா "அங்க குளிர் ஜாஸ்தில்ல" ன்னு ஒரு பதில். அதுக்கு மேல கொஞ்சம் யோசிக்கறவங்கதான் மாட்டிக்கறாங்க. உடம்பையே வேற மாதிரி படைக்கணுமா, ஜீன்ல சின்னதா ஏதாவது மாத்தினா போதுமா, இல்ல சாதாரண மனுஷங்களுக்கே நல்ல துணியும் நெருப்பும் குடுத்துட்டா வேலை முடிஞ்சுதா, இல்ல ஒரு மிருகத்தைக் கூட சேர்த்து விட்டுடலாமா? நாலுமே நிஜத்துல நடந்ததுதான், அதனால நாலுல எதை எடுத்தாலும் தப்பு கிடையாது, ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற கதையைக் கேக்கும்.

தோற்றத்துல ஆரம்பிக்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். இந்த ஜனங்க குளிர்ல எத்தனை வருஷமா இருக்காங்கன்னு ஒரே ஒரு நம்பர் எழுதுங்க. 300 வருஷமா, 10,000 வருஷமா, 3 லட்சம் வருஷமான்னு முடிவாச்சுன்னாலே நாலுல ரெண்டு ஆப்ஷன் தானா கழண்டுடும்.

## எதை வெச்சு எடை போடறது

முதல் அளவுகோல் காலம், அதைச் சொல்லியாச்சு. ரெண்டாவது சாப்பாடு: குளிர்ல உயிரோட இருக்கறதுன்னா கலோரி கணக்குதான், அந்தக் கலோரி எங்கேர்ந்து வருதுன்னு சொல்ல முடியலன்னா அந்த ஊரே பொய். மூணாவது, எந்த ஒரு விஷயம் உடைஞ்சா மொத்தக் கூட்டமும் அழிஞ்சிடும்ங்கறது. கதைக்காரங்களுக்கு இதுதான் தங்கச் சுரங்கம், ஏன்னா கதையோட சிக்கல் அங்கேர்ந்துதான் பொறக்கும். நாலாவது, வெளியாள் உள்ள வந்தா என்ன ஆகும், இவங்க தெற்க இறங்கிப் போனா என்ன ஆகும். அழகா இருக்காங்களாங்கறது இந்த லிஸ்ட்லயே இல்ல.

## அதுக்கு முன்னாடி கழிச்சுக் கட்ட வேண்டிய மூணு

வெள்ளைத் தோல். தோல் நிறம் குளிரைப் பாத்து மாறறதில்ல, வெயில்ல இருக்கற யூவி கதிரைப் பாத்து மாறுது, அதுவும் சாப்பாட்டுல வைட்டமின் டி கிடைக்குதாங்கறதைப் பொறுத்து. ஸ்பெயின்ல லா பிரான்யாங்கற இடத்துல கிடைச்ச, சுமார் 7,000 வருஷத்துக்கு முந்தின ஒரு வேட்டைக்காரரோட டிஎன்ஏவை 2014ல படிச்சாங்க: கறுத்த தோலு, நீலக் கண்ணு. பனியுகம் முடிஞ்சு எத்தனையோ ஆயிரம் வருஷம் கழிச்சும் ஐரோப்பாவுல அப்படி ஆளுங்க இருந்திருக்காங்க, வெளிர் தோல் அங்க பரவலானது பின்னாடிதான். ஆர்க்டிக்ல இருக்கற இனூயிட் மக்களுக்கு மீன், சீல் (கடல்நாய்) கொழுப்புலேர்ந்தே வைட்டமின் டி வந்துடுது, அவங்க தோல் ஸ்வீடன்காரங்க அளவுக்கு வெளுக்கல. தாஸ்மேனியாவுல மனுஷங்க பல பத்தாயிரம் வருஷம் குளிர்லயே இருந்தாங்க, கறுப்பாவேதான் இருந்தாங்க. அதனால உங்க பனி ஜனங்க கறுப்பா இருக்கறதுல அறிவியல் குத்தம் எதுவும் இல்ல. நீலக் கண்ணு குளிரைத் தாங்கறதுக்குன்னு ஒண்ணும் பண்றதில்ல, வேணும்னா வெச்சுக்கோங்க, காரணம் மட்டும் சொல்லாதீங்க.

ராட்சசங்க. பெரிய உடம்பு சூட்டை நல்லா புடிச்சு வெச்சுக்கும்ங்கறது உண்மை. ஆனா உயரம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்காகும், அந்த உடம்புக்கான தீனி, எடைக்கும் தேவைப்படற சக்திக்கும் உள்ள கணக்கைச் சொல்ற கிளைபர் விதிப்படி, கிட்டத்தட்ட அஞ்சு மடங்காகும். பனிப் பாலைவனத்துல அஞ்சு ஆள் சாப்பாட்டை ஒரே ஆள் தின்னா ஊர்ல எத்தனை பேர் மிஞ்சுவாங்க? நிஜத்துல குளிர் மனுஷங்க உயரமானவங்க இல்ல, அகலமானவங்க.

உடம்பெல்லாம் முடி. ரொம்ப பேருக்குப் பிடிச்ச ஐடியா, ஆனா மனுஷன் முடியை இழந்ததே வேர்த்து உடம்பைக் குளிர வைக்கறதுக்குத்தான்னு பலரும் சொல்றாங்க. போட்டுக்கற ஃபரை, ஓடறப்ப கழட்டிடலாம். உடம்புல முளைச்சதைக் கழட்ட முடியாது. பனில வேட்டைக்கு ஓடி, உள்ள சூடாகி, வேர்வைல முடி நனைஞ்சு, நின்ன உடனே அது உறைஞ்சுதுன்னா அதுவே எமன். முடி வேணும்னா ஓடாத, ஒரே இடத்துல பதுங்கி வேட்டையாடற ஜனமா எழுதுங்க, அப்ப சரியா வரும்.

## ஆப்ஷன் 1: குளிர் எலும்புல இருக்கற ஜனங்க

உடம்பு அகலமாகி கை கால் குட்டையாச்சுன்னா, எடைக்கு இருக்கற தோல் பரப்பு குறையும், சூடு வெளிய போறதும் குறையும். உடம்பு பருமனைப் பத்தி 1847ல பெர்க்மன் சொன்னது, கை, கால், காது நீளத்தைப் பத்தி 1877ல ஆலன் சொன்னது, ரெண்டும் இன்னைக்கும் மிருகங்களுக்கு ஓரளவு நல்லாவே பொருந்துது. பனியுகத்து யானையான மேமத்தோட காது எவ்வளவு குட்டின்னு பாத்தாலே புரியும்.

மனுஷக் குடும்பத்துல இந்த வழில போனவங்க நியாண்டர்தால். ஆம்பளைங்க சராசரி உயரம் 165 செ.மீ. பக்கம், அகலமான மார்புக்கூடு, முழங்கைக்குக் கீழயும் முழங்காலுக்குக் கீழயும் குட்டை எலும்பு, பெரிய மூக்கு. இதெல்லாம் முழுக்க குளிரால வந்ததுதானான்னு ஆராய்ச்சி பண்றவங்க நடுவுல இன்னும் சண்டை இருக்கு, ஏன்னா அவங்க இதமான காலத்துலயும் இதமான இடத்துலயும்கூட வாழ்ந்திருக்காங்க. எப்படியோ, இந்த மாதிரி எலும்புக்கூடு உருவாக லட்சக்கணக்கான வருஷம் வேணும், நியாண்டர்தால் இருந்த காலமே சுமார் 4 லட்சம் வருஷத்துக்கு முன்னாடிலேர்ந்து 40,000 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும். உங்க உலகத்தோட வரலாறே 9,000 வருஷம்னு எழுதி வெச்சிருந்தீங்கன்னா இந்த ஆப்ஷனை மறந்துடுங்க.

மறைஞ்சிருக்கற செலவுன்னா முதல்ல சாப்பாடு. அந்தக் கனமான உடம்புக்கு நம்மளை விட நாளைக்கு சில நூறு கலோரி கூடுதலா தேவைப்பட்டிருக்கும்னு மதிப்பிடறாங்க. தலைக்கு 300 கலோரின்னு வெச்சுக்கிட்டாலும் 20 பேர் இருக்கற கூட்டத்துக்கு நாளைக்கு 6,000, அதாவது இல்லாத ரெண்டு மூணு பேருக்கும் சேர்த்து தினமும் வேட்டையாடணும். அதனால கூட்டம் சின்னதாவே இருக்கும், சின்னக் கூட்டம்னா கல்யாணம் பண்ண ஆள் கிடைக்காது. சைபீரியாவுல சாகிர்ஸ்கயா குகைல கிடைச்ச நியாண்டர்தால் எலும்புகளோட டிஎன்ஏவை 2022ல வெளியிட்டாங்க, அதுல ஒரு அப்பாவும் அவரோட பொண்ணும்கூட இருந்தாங்க, அந்தச் சமூகமே 10லேர்ந்து 20 பேருக்குள்ள தான்னும் பெண்கள்தான் கூட்டம் விட்டுக் கூட்டம் போயிருக்காங்கன்னும் சொன்னாங்க. இதை எழுத்தாளரா படிச்சுப் பாருங்க: பொண்ணு வளந்தா கூட்டத்தை விட்டுப் போயே ஆகணும், அடுத்த கூட்டம் எத்தனை நாள் நடை தூரத்துல இருக்குன்னே தெரியாது. கதை தானா எழுந்து நிக்குது.

இன்னொண்ணு, இவ்வளவு உடம்பு வெச்சிருந்தும் துணி இல்லாம அவங்களால முடியல. தோல் சுரண்டற கல் கருவிங்க ஏராளமா கிடைச்சிருக்கு, முன்பல்லு எல்லாம் தோலைக் கடிச்சு இழுத்து இழுத்து தேஞ்சு போயிருக்கு. எலும்பை மாத்திட்டோம், இனி உடை எழுத வேண்டாம்னு நினைச்சா அது நடக்காது.

எப்ப எடுக்கலாம்னா, உங்களுக்கு வேற ஸ்பீசிஸே வேணும்னா. மனுஷங்களுக்கு முன்னாடிலேர்ந்து இருக்கற பழைய ஜனம், இப்ப எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டே வருது, புதுசா வந்தவங்களோட சண்டையும் உண்டு குழந்தையும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு வெளிய இருக்கற எல்லார் உடம்புலயும் இன்னைக்கும் சுமார் 2 சதவீதம் நியாண்டர்தால் டிஎன்ஏ இருக்கு, ருமேனியாவுல கிடைச்ச சுமார் 40,000 வருஷத்து மனுஷன் ஒருத்தனுக்கு நாலுலேர்ந்து ஆறு தலைமுறைக்கு முன்னாடி ஒரு நியாண்டர்தால் மூதாதை இருந்திருக்காங்க. கொள்ளுத்தாத்தாவோட அப்பா வேற ஸ்பீசிஸ்னா அந்தக் குடும்பத்துல என்ன பேசிப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

## ஆப்ஷன் 2: குளிர் ரத்தத்துல இருக்கற ஜனங்க

இங்க வெளியில பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது, மாற்றம் எல்லாம் உள்ள. கிரீன்லாந்து இனூயிட் மக்கள்கிட்ட கொழுப்பைக் கையாள்ற ஃபேட்ஸ் ஜீன்கள்ல இயற்கைத் தேர்வு பலமா வேலை செஞ்சிருக்குன்னு 2015ல கண்டுபிடிச்சாங்க, சீலும் திமிங்கலமும் மட்டுமே தட்டுல இருந்தா அதுக்கு ஏத்த உடம்பு. உடம்புல கொழுப்பு எங்க சேரணும்ங்கறதோட சம்பந்தப்பட்ட இன்னொரு ஜீன் பகுதி அவங்களுக்கு டெனிசோவன் மாதிரியான ஒரு பழைய மனுஷ இனத்துக்கிட்டேர்ந்து வந்திருக்கு. திபெத்ல உயரமான இடத்துல மூச்சு விட உதவற ஈபாஸ்1 ஜீனும் அதே மாதிரி டெனிசோவன் சொத்துதான். ஃபேன்டஸிக்கு இது அருமையான குறுக்கு வழி: தானா மாற லட்சம் வருஷம் காத்திருக்க வேண்டாம், ஏற்கனவே அங்க இருந்த பழைய ஜனத்தோட கலந்து அவங்க பல வருஷம் உழைச்சு சேர்த்ததை ஒரு கல்யாணத்துல வாங்கிக்கலாம், அப்புறம் அந்தப் பழைய ஜனம் இல்லாமயே போயிடலாம், அவங்க பேரு மறந்து போனாலும் ரத்தத்துல இருப்பாங்க.

காலம்னு பாத்தா சில ஆயிரத்துலேர்ந்து சில பத்தாயிரம் வருஷம். சைபீரியப் பழங்குடி மக்கள் சும்மா உட்கார்ந்திருக்கறப்பவே உடம்பு எரிக்கற சக்தி கூடுதலா இருக்குன்னு அளந்திருக்காங்க. குளிர்ல வேலை செய்யறவங்க விரலுக்கு ரத்தம் நல்லாப் பாயறதும் இந்த வகைதான், கதைல இதைக் காட்டறது சுலபம்: வெளியூர்க்காரன் கையுறையைக் கழட்டின ரெண்டு நிமிஷத்துல விரல் மரத்துப் போகும், உள்ளூர்க்காரி வெறுங்கையால வலைல முடிச்சை அவிழ்த்துக்கிட்டே பேசிட்டிருப்பா.

செலவு இங்கதான் கொடூரமா இருக்கு, அதனாலயே எனக்கு இந்த ஆப்ஷன் மேல ஒரு தனி ஈர்ப்பு. ஆர்க்டிக் மக்கள்கிட்ட பரவலா இருக்கற சிபிடி1ஏ ஜீன் மாற்றம் ஒண்ணு இருக்கு. கொழுப்பே சாப்பாடா இருக்கற வாழ்க்கைக்கு அது ஒத்துப் போயிருக்கலாம்னு சொல்றாங்க, ஆனா கைக்குழந்தை நோய்வாய்ப்பட்டு பால் குடிக்காம ரொம்ப நேரம் இருந்தா ரத்தத்துல சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிடலாம். இதை ஒரு காட்சியா மாத்துங்க. காய்ச்சல்ல தூங்கற குழந்தையை ராத்திரி முழுக்க எழுப்பி எழுப்பிப் பால் குடுக்கணும்ங்கறது அந்த ஊர்ல சட்டம் மாதிரி, பாட்டிங்க முறை வெச்சு முழிச்சிருப்பாங்க, காரணம் யாருக்கும் தெரியாது, "தூக்கத்துல பனி வந்து குழந்தையை எடுத்துட்டுப் போயிடும்" னு ஒரு நம்பிக்கை மட்டும் இருக்கும். வெளியூர் மருத்துவர் ஒருத்தர் வந்து அது மூடநம்பிக்கை, குழந்தையைத் தூங்க விடுங்கன்னு சொல்றாரு. அவ்வளவுதான், ஒரு அத்தியாயம் கிடைச்சாச்சு. கிரீன்லாந்துலயே இன்னொரு ஜீன் மாற்றம், டிபிசி1டி4, ரெண்டு காப்பி இருக்கறவங்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வர்ற வாய்ப்பு சுமார் 10 மடங்குன்னு 2014ல வந்தது. அப்படின்னா இந்த ஜனங்க தெற்க குடியேறி தானியம் தின்ன ஆரம்பிச்சா முதல்ல தாக்கறது வாள் இல்ல, சாப்பாடு.

இந்த ஆப்ஷன் பல தலைமுறை ஓடற கதைக்கு, குடும்பக் கதைக்கு, கலப்புக் கல்யாணக் கதைக்கு ஏத்தது. ஒரு கிளர்ச்சி, ஒரு யுத்தம்னு மூணே மாசத்துல முடியற கதைன்னா இதோட அழகு வாசகருக்குத் தெரியவே வாய்ப்பில்ல.

## ஆப்ஷன் 3: குளிர் கையில இருக்கற ஜனங்க

சைபீரியாவுல யானா நதிக்கரைல, 71 டிகிரி வடக்கு அட்சரேகைக்குப் பக்கத்துல, ஆர்க்டிக் வட்டத்துக்கும் நல்லா மேல, சுமார் 31,000 வருஷத்துக்கு முன்னாடி ஹோமோ சேப்பியன்ஸ் வாழ்ந்திருக்காங்க. நியாண்டர்தால் இருந்ததா உறுதியாத் தெரிஞ்ச இடங்க எல்லாமே இதுக்கு ரொம்பத் தெற்க. குளிருக்குன்னே வார்த்த மாதிரி எலும்பு இருந்தவங்க போகாத இடத்துக்கு, ஐரோப்பாவுக்குள்ள வந்த காலத்துலயும் வெப்ப நாட்டு நீளக் கை கால் மாறாம இருந்த நம்ம இனம் போயிருக்கு. யானாவுல கிடைச்ச பொருள்ல எலும்பு ஊசிகள் நிறைய உண்டு. பதில் அங்கதான் இருக்கு.

ஊசியை லேசா எடுத்துக்காதீங்க. தோலைப் போர்த்திக்கறது வேற, உடம்புக்கு அளவா தைச்சு உள்ள ஒரு அடுக்கு வெளிய ஒரு அடுக்குன்னு போடறது வேற. இனூயிட் பெண்கள் தண்ணி புகாத பூட்ஸ் தைக்கற விதத்தைப் பாருங்க: ஊசி தோலை முழுசா துளைக்கக் கூடாது, தோலோட பாதிக் கனம் வரைக்கும் போய் அப்படியே பக்கத்துல வெளிய வரணும், அப்பதான் உள்ளேர்ந்து வெளிய வரைக்கும் ஓட்டையே இருக்காது, நூலும் மிருகத்தோட தசைநார், நனைஞ்சா ஊறிப் பெருத்து ஊசி போன இடத்தை அடைச்சுக்கும். தலைமூடி ஓரத்துக்கு வுல்வரின்ங்கற வடக்கத்தி மிருகத்தோட முடி, ஏன்னா மூச்சுக்காத்து அதுல உறைஞ்சா கையால தட்டினாலே உதிர்ந்துடும். இதுல ஒரு தையல் தப்பினா வேட்டைக்குப் போனவன் கால் விரலோட திரும்ப மாட்டான். அதனால இந்த ஜனங்கள்ல பெரிய வேட்டைக்காரனை விட நல்லா தைக்கறவளுக்கு மதிப்பு அதிகம்னு எழுதினீங்கன்னா அது புரட்சி இல்ல, யதார்த்தம். வெளிச்சமும் சூடும் கல்லுல குடைஞ்ச விளக்குலேர்ந்து, எண்ணெய் சீல் கொழுப்பு, திரி பாசி. மரமே இல்லாத ஸ்டெப்பி புல்வெளில விறகுக்குப் பதிலா எலும்பை எரிச்சிருக்காங்க, உக்ரைன்ல மெஷிரிச்சில மேமத் எலும்பை அடுக்கி வீடே கட்டியிருக்காங்க. உங்க பனி தேசத்துல மரம் இல்லன்னா அங்க எரியற நெருப்பு எதைத் தின்னுதுன்னு ஒரு வரி எழுதியே ஆகணும்.

காலம் ரொம்பக் குறைவு போதும், கத்துக்கற வேகம்தான் கணக்கு. ஆனா இதோட பலவீனம் வேற எந்த ஆப்ஷன்லயும் இல்லாத மாதிரி: அறிவு தலைக்குள்ள இருக்கு, தலை செத்தா அறிவும் போச்சு. வடமேற்கு கிரீன்லாந்துல இனுகுயிட்னு ஒரு சின்னக் கூட்டம், 19ஆம் நூற்றாண்டு முதல் பாதில ஒரு தொத்து நோய் வந்து பெரியவங்க நிறைய பேர் செத்துப் போயிட்டாங்க. அவங்களோட கயாக் படகு கட்டற வித்தை, வில் அம்பு பண்ற வித்தை, மீன் ஈட்டி எல்லாம் போயிடுச்சு. மிச்சம் இருந்தவங்க பல வருஷம் அது இல்லாமயே கஷ்டப்பட்டாங்க, கண்ணு முன்னாடி தண்ணில இரை நீந்திட்டுப் போகும், படகு கட்டத் தெரியாது. 1860கள்ல பாஃபின் தீவுலேர்ந்து ஒரு கூட்டம் வந்து சேர்ந்தப்பதான் திரும்பக் கத்துக்கிட்டாங்க. சாபம், தொலைஞ்ச மந்திரம்னு நாம கற்பனை பண்றதெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.

எதிர்ப்பக்க உதாரணமும் அதே தீவுல இருக்கு. ஸ்காண்டினேவியா வழி வந்த நார்ஸ் ஜனங்க சுமார் 985ல கிரீன்லாந்துல குடியேறி, ஆடு மாடு, சர்ச், வால்ரஸ் தந்த வியாபாரம்னு நாலரை நூற்றாண்டு ஓட்டினாங்க. சீல் கறி நிறையவே சாப்பிட ஆரம்பிச்சாங்க, அது எலும்புல தெரியுது, ஆனா இனூயிட்டோட கயாக்கையும் உறைஞ்ச கடல்ல சீல் வேட்டையாடற முறையையும் எடுத்துக்கிட்ட மாதிரித் தடயம் இல்ல. அவங்களைப் பத்தின கடைசி எழுத்து 1408ல ஹ்வால்சே சர்ச்ல நடந்த ஒரு கல்யாணம். ஏன் அழிஞ்சாங்கன்னு ஒத்தைக் காரணம் கிடையாது, குளிர் கூடினது, தந்தத்தோட விலை விழுந்தது, ஆள் குறைஞ்சதுன்னு எல்லாம் சேர்ந்தது. பெருமைக்காகப் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கத்துக்க மாட்டேன்னு நிக்கற ஒரு ஜனத்தை எழுத ஆசைன்னா மாதிரி ரெடியா இருக்கு.

## ஆப்ஷன் 4: குளிர் மிருகத்து மேல இருக்கற ஜனங்க

இதை ஏன் யாரும் பெருசா யோசிக்கறதில்லன்னு எனக்குப் புரியல. சாகா மக்கள் தெற்கேர்ந்து குதிரை, மாட்டோட சைபீரியாவுல இப்ப யாகூத்தியான்னு சொல்ற பகுதிக்கு 13லேர்ந்து 15ஆம் நூற்றாண்டுக்குள்ள வந்து சேர்ந்தவங்க. அங்க ஓய்மியாகோன்ல 1933ல மைனஸ் 67.7 டிகிரி பதிவாச்சு. அவங்க குதிரைங்க கட்டைக் காலு, பருத்த உடம்பு, அடர்த்தியான ரோமம், பனியைக் குளம்பால கிளறிப் புல் தின்னு குளிர்காலம் முழுக்க வெளியவே நிக்கும். 2015ல அந்தக் குதிரைங்க டிஎன்ஏவைப் பாத்தவங்க சொன்னது, முன்ன அங்க திரிஞ்ச காட்டுக் குதிரைங்களோட வாரிசு இல்ல இதுங்க, ஜனங்களோட வந்ததுதான், 800 வருஷத்துக்குள்ளயே இப்படி மாறியிருக்கு. அதாவது பெர்க்மனும் ஆலனும் சொன்னதைக் குதிரை செஞ்சு முடிச்சிடுச்சு, மேல உட்கார்ந்திருக்கற ஆளு மாறணும்னு அவசியமே இல்ல. மாடு மட்டும் அப்படி இல்ல, அதை வீட்டை ஒட்டின தொழுவத்துல வெச்சுக் காப்பாத்தணும், அதுக்குக் குட்டிக் கோடைக்குள்ள வைக்கோல் சேர்த்தாகணும், மழை ஏமாத்தினா குளிர்காலத்துல பஞ்சம்.

நாயும் இந்தக் கணக்குல வரும். சைபீரியாவுக்கு வடக்க ஷோகோவ் தீவுல 9,000 வருஷத்துக்கும் முன்னாடியே சறுக்குவண்டி இழுத்த நாய்ங்க இருந்திருக்கு.

செலவு என்னன்னா, மிருகம் போற இடத்துக்குத்தான் நீங்க போக முடியும், அது செத்தா நீங்களும் காலி. ரஷ்யாவோட வடக்கு ஓரத்துல, யமால் தீபகற்பத்துல, நெனெட்ஸ் மக்கள் ரெயின்டீர்ங்கற பனி மான் மேய்க்கறாங்க. 2013 நவம்பர்ல பனி மேல மழை பெஞ்சு உறைஞ்சு தரை முழுக்க ஐஸ் மூடி மாதிரி ஆயிடுச்சு, அடில இருக்கற பாசியைத் தோண்ட முடியாம அந்தக் குளிர்காலத்துல சுமார் 61,000 ரெயின்டீர் செத்துது. கவனிங்க, கடுங்குளிரால சாகல, குளிர் குறைஞ்சு மழை பெஞ்சதால செத்துது. பனி தேசத்து ஜனங்க பயப்பட வேண்டியது உறைபனிக்கு இல்ல, தப்பான நேரத்துல வர்ற இதமான ஒரு நாளுக்கு. அங்கயே 2016ல ஆந்த்ராக்ஸ் வந்து ரெண்டாயிரத்துக்கு மேல ரெயின்டீர் போச்சு. இதுல்லாம, மந்தைன்னு ஒண்ணு வந்தா பணக்காரன் ஏழைன்னு வரும், திருட்டு வரும், மேய்ச்சல் நிலத்துக்கு வெட்டு குத்து வரும். அரசியல் வேணும்ங்கறவங்களுக்கு இது வரம்தான்.

## ஒரே பார்வைல

| | எலும்பு | ரத்தம் | கை | மிருகம் |
|---|---|---|---|---|
| தேவையான காலம் | லட்சம் வருஷங்கள் | ஆயிரத்துலேர்ந்து பத்தாயிரங்கள் | சில தலைமுறை | சில நூறு வருஷம் |
| பாத்தா தெரியுமா | உடனே தெரியும் | தெரியாது | துணில, வீட்டுல தெரியும் | மந்தைல தெரியும் |
| எதுல உடையும் | சாப்பாடு, சின்னக் கூட்டம் | சாப்பாட்டு முறை மாறினா, குழந்தைங்க | பெரியவங்க செத்தா | தப்பான மழை, மந்தை நோய் |
| தெற்க போனா | சூடு தாங்காது, நடையும் கஷ்டம் | பல வருஷம் கழிச்சு நோய் | ஒண்ணும் ஆகாது, வித்தை மறக்கும் | மிருகம் வராது |
| வெளியாள் சேர முடியுமா | குழந்தை மூலமா மட்டும் | குழந்தை மூலமா மட்டும் | கத்துக்கிட்டா போதும் | மந்தை வாங்கினா போதும் |

கடைசி வரியை மட்டும் நல்லா யோசிங்க. உங்க ஹீரோ வெளியூர்க்காரனா வந்து அந்த ஜனங்கள்ல ஒருத்தனா ஆகணும்னா முதல் ரெண்டு ஆப்ஷனும் அவனுக்குக் கதவை மூடிடும்.

## எந்த வழியா வந்தாங்க

எதை எடுத்தாலும் இடப்பெயர்வு வழி தனியா முடிவு பண்ணணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது பெரிஞ்சியா. கடும் பனியுகம், சுமார் 26,000லேர்ந்து 19,000 வருஷத்துக்கு முன்னாடி, கடல்மட்டம் 120 மீட்டர் பக்கம் இறங்கி சைபீரியாவும் அலாஸ்காவும் ஒரே நிலமா இருந்த காலம். அமெரிக்காவுக்குப் போனவங்களோட முன்னோர்கள் அந்தப் பக்கத்துல எங்கயோ மத்த ஜனங்களோட தொடர்பே இல்லாம ஆயிரக்கணக்கான வருஷம் தனியா இருந்திருக்காங்கன்னு டிஎன்ஏ சொல்லுது, சரியா எந்த இடம்ங்கறதுல மட்டும் விவாதம் இருக்கு. முன்னாடி பனிச் சுவரு, பின்னாடி போக வழியில்ல. அவங்களுக்கு அது வழியில மாட்டிக்கிட்ட இடம் இல்ல, அதுதான் ஊரு, முன்னூறு தலைமுறைக்கு முன்னாடி நடந்து வந்தோம்ங்கறதே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அப்புறம் கடல் ஏறி அந்த ஊரே தண்ணிக்கடில போச்சு. தனியா இருந்த காலம்தான் ஒரு கூட்டத்தை வேற ஜனமா ஆக்கும், ரத்தம் ஆப்ஷனுக்கு இதை விடப் பொருத்தமான வழி கிடையாது.

நேர் எதிரா தூலே ஜனங்க. சுமார் 1,000 வருஷத்துக்கு முன்னாடி அலாஸ்கா பக்கத்துலேர்ந்து கிளம்பி நாய் வண்டி, பெரிய தோல் படகு, திமிங்கல வேட்டைன்னு சில தலைமுறைல கிரீன்லாந்து வரைக்கும் பரவிட்டாங்க. அங்க ஏற்கனவே டோர்செட்னு ஒரு ஜனம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல இருந்துது, அவங்க முன்னோர்கள்கிட்ட வில் அம்பு இருந்தும் இவங்ககிட்ட அது இல்ல. சில நூற்றாண்டுல டோர்செட் காணாம போச்சு, ரெண்டு பேரும் கலந்த தடயம்கூட டிஎன்ஏல பெருசா இல்ல. கை, மிருகம் ரெண்டையும் சேர்த்துக்கிட்டவங்க எவ்வளவு வேகமா நகருவாங்கன்னு இதுல தெரியும்.

## சரி, எதை எடுக்கறது

உங்க கதை ஒரு தலைமுறைக்குள்ள முடியுது, வெளியூர் ஆள் உள்ள வர்றான்னா கை ஆப்ஷனை எடுத்துட்டு மிருகத்தைக் கொஞ்சம் சேர்த்துக்கோங்க, பெரும்பாலான கதைக்கு நான் இதைத்தான் சொல்லுவேன், ஏன்னா கத்துக்கறதும் மறக்கறதும் காட்சியா எழுத வரும், எலும்பு நீளம் காட்சியா வராது. பழைய இனம் அழியற சோகம்தான் மையம்னா எலும்பு, ஆனா அவங்களை ராட்சசனாக்காம, குட்டையா, எப்பவும் பசியோட, அடுத்த கூட்டத்தைத் தேடிக்கிட்டே இருக்கறவங்களா எழுதுங்க. வம்சக் கதைன்னா ரத்தம். மேய்ச்சல் நிலம், வரி, கொள்ளை, பெரிய வீடு சின்ன வீடுன்னு அரசியல் வேணும்னா மிருகம்.

ஏற்கனவே பாதிக் கதை எழுதியாச்சு, வெள்ளைத் தோலு நீலக் கண்ணு ஆறரை அடின்னு எல்லாம் எழுதியாச்சு, இப்ப மாத்த முடியாதுன்னு இருக்கறவங்களும் கவலைப்பட வேண்டாம். அவங்க 400 வருஷத்துக்கு முன்னாடி வேற எங்கேர்ந்தோ அதே தோற்றத்தோட வந்தவங்கன்னு வெச்சுட்டு, குளிரைத் தாங்கறதை முழுக்க ஊசிலயும் மந்தைலயும் வைங்க. வந்த இடம் எது, அங்கேர்ந்து ஏன் கிளம்பினாங்க, முதல் குளிர்காலத்துல அவங்களுக்குத் தைக்கக் கத்துக் குடுத்தது யாருங்கற மூணு கேள்விக்கும் பதில் எழுதிட்டா பழைய அத்தியாயங்கள்ல ஒரு வரிகூட மாத்தாம தப்பிச்சிடலாம்.